ஸ்கிரிப்டில் இல்லாத பதில்

“மோஷன் போகும்போது ரத்தம் ஏதாவது வருதா?”

“வருது.”

“அம்மா, வராதும்மா.”

“வருதே.”

“ஸ்கிரிப்ட்ல இல்லைன்னு போட்டிருக்கு. இதோ பாரு, ‘ரத்தம்: கிடையாது.’”

“அப்படியா? சரி, அப்ப கிடையாது.”

“சும்மா சரின்னா எப்படி? நீ பாட்டுக்கு வருதுன்னு சொன்னா நான் வேற கேள்விக்குப் போயிடுவேன். டைம் போயிடும். மறுபடியும் கேக்கறேன். ரத்தம் ஏதாவது வருதா?”

“இல்லீங்க டாக்டர்.”

“குட். போயிட்டு வந்தப்புறம் வயிறு காலியான மாதிரி இருக்கா?”

“எங்க இருக்கு? உள்ள இன்னும் என்னமோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். திரும்பப் போனா ஒண்ணும் வராது. கடையில எத்தனை தடவைதான் ஓடறது? சூப்பர்வைசர் வேற ஒரு மாதிரி பார்க்கிறான்.”

ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் குபுக்கென்று சிரித்துவிட்டான். “ஊமச்சி, பரீட்சைக்கு வர்ற நடிகருங்க எல்லாம் அம்மாகிட்ட வந்து பாடம் கேக்கணும். சூப்பர்வைசரைக்கூட விட்டுவைக்கல பாரு!”

“அதான் பிரச்சினையே. ஓவராக் கற்பனை பண்றாங்க,” என்று இளையவள் தாளை மடியில் தட்டினாள். “இந்த கேஸ்ல இருக்கிறவன் ஒரு ஆபீஸ் குமாஸ்தா. வேலை டென்ஷன். வயித்துல ஒண்ணுமே இல்ல. பயப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பணும், அவ்வளவுதான்.”

“ஒண்ணுமே இல்லையா?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமே இல்ல.”

“நல்லது.” அம்மா சோபாவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, அப்படியே ஒரு கணம் நின்றாள். “எனக்குக் கடைக்கு நேரமாச்சு.”

அம்மா நன்றாக நடிப்பாள் என்பது அந்த வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிற கிழவர், விலையைக் கேட்டதும் பழைய கண்ணாடியே தேவலை என்று சொல்கிற பெண்மணி என்று ஒவ்வொரு மாலையும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவாள். அதனால்தான் வீட்டில் நோயாளி வேஷம் அவளுக்கு.

போன வாரம், ‘எனக்கு டாக்டரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்’ என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்ட இளையவளை வெளியே இழுத்து வந்தது அண்ணன்தான். டாக்டர் லைசென்ஸுக்கான தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. நாளைக் காலையில் மூன்றாவது முறை. அதிலும் தோற்றால், ஐந்தரை வருஷம் படித்த படிப்பைச் சுருட்டி மூலையில் வைத்துவிட வேண்டியதுதான். மருத்துவ வாரியம் நாலாவது வாய்ப்புத் தருவதில்லை.

தோற்றது எழுத்துத் தேர்வில் இல்லை. அதில் அவள் புலி. தோற்றதெல்லாம் நோயாளியோடு பேசிக்காட்டும் தேர்வில். நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் அறைகள், ஒவ்வோர் அறையிலும் கூலிக்கு நடிக்கும் ஒரு நோயாளி. மூலையில் ஒருவர் வாய் திறக்காமல் டிக் அடித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், அடுத்த மணிக்கு வெளியே வர வேண்டும், பேச்சு பாதியில் நின்றாலும் சரி. கை கழுவினால் ஒரு மார்க். பெயர் சொன்னால் ஒரு மார்க். அழுகிறவருக்கு டிஷ்யூ நீட்டினால் ஒரு மார்க். அவர் வாங்கிக்கொள்கிறாரா என்பது யாருக்கும் தேவையில்லை. பிறகு அந்த வாக்கியம்.

‘இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு என்னால புரிஞ்சுக்க முடியுது.’

இதற்கு இரண்டு மார்க்.

முதல் முறை, புருஷன் இறந்த செய்தியைக் கேட்கும் மனைவியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் அழுத அழுகையில் இளையவளுக்கு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டாள். ‘பரிவு: வெளிப்படுத்தவில்லை’ என்று முடிவு வந்தது. இரண்டாம் முறை வாக்கியத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனாள். அது தொண்டையில் மீன் முள் மாதிரி குறுக்கே நின்றுகொண்டது. அன்றிலிருந்துதான் அண்ணனுக்கு அவள் ஊமச்சி.

அண்ணன் அதே தேர்வை ஒரே மூச்சில் தாண்டி, இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர்.

“சொல்லிட்டுப் போயேன்டி, என்ன குறைஞ்சு போச்சு?” என்றான் காலணியை மாட்டிக்கொண்டே. “பல் தேய்க்கிற மாதிரி. காலையில எழுந்து பல் தேய்க்கும்போது உணர்ச்சி வசப்பட்டா தேய்க்கிறோம்?”

“எனக்குக் குமட்டுது அண்ணா.”

“லைசென்ஸ் வாங்கிட்டு அப்புறம் சாவகாசமா வாந்தி எடு.”

*

பயிற்சி நிலையம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றமும் பசை நாற்றமும் மூக்கில் ஏறும். மேலே போனால் அதோடு கை கழுவும் ஜெல்லின் நெடி சேர்ந்துகொள்ளும். பழைய திரைகளைக் கயிற்றில் கட்டி, கூடத்தைக் கட்டம் கட்டமாகத் தடுத்திருந்தார்கள். திரைகளின் ஓரம், ஈரக் கைகள் ஒதுக்கி ஒதுக்கி, அழுக்குப் படிந்து பளபளத்தது.

முதல் திரைக்குப் பின்னால் ஒரு பையன், உதட்டில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்க, “ரொம்ப வருத்தமான செய்தி. உங்க குழந்தை இறந்து போச்சு” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே இருந்தவள், “குரல் இன்னும் ஒரு படி இறங்கணும்டா” என்றாள். அவன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் குழந்தையைக் கொன்றான். பக்கத்துக் கட்டத்தில் யாரோ, “புரிஞ்சுக்க முடியுது, புரிஞ்சுக்க முடியுது, புரிஞ்சுக்க முடியுது” என்று மந்திரம் போல் முணுமுணுத்தபடி இருந்தான்.

நிலையத்தின் முதலாளியைப் பிள்ளைகள் ‘குழாய் சார்’ என்பார்கள். நினைத்த மாத்திரத்தில் கண்ணீரைத் திறக்கவும் மூடவும் தெரிந்தவர். தேர்வு நடக்கும் நாட்களில் வாசல் கேட்டருகே நின்று, வெளியே வருகிற பிள்ளைகளைத் தோளில் கைபோட்டு மடக்கி, உள்ளே என்னென்ன கேஸ் வந்தது என்று சூடு ஆறுவதற்குள் கறந்துவிடுவார். அப்படிக் கறந்ததுதான் அந்தக் குமாஸ்தா கேஸும்.

“வாங்க வாங்க, மூணாவது தடவை மேடம்!” என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “இன்னைக்கு நானே உங்களுக்கு நோயாளி. எல்லாரும் வந்து சுத்தி நில்லுங்க.”

திரை விலகியது. பத்துப் பதினைந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. குழாய் சார் நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே நொடியில் குமாஸ்தா ஆனார்.

இளையவள் ஜெல்லைக் கையில் தேய்த்தாள். பெயர் சொன்னாள். எங்கே வலி, எப்போதிருந்து, சாப்பிட்டால் கூடுமா குறையுமா. எல்லாம் வரிசையாக வந்தன.

“மோஷன் போகும்போது ரத்தம் ஏதாவது வருதா?”

“இல்லீங்க டாக்டர்.”

“போயிட்டு வந்தப்புறம் வயிறு காலியான மாதிரி இருக்கா?”

“ஆமாங்க, நிம்மதியா இருக்குங்க.”

அடுத்த கேள்விக்கு அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

இதுதான் ஸ்கிரிப்ட். நிம்மதியாக இருக்கிறது என்பதுதான் எழுதியிருக்கிற பதில்.

உள்ளே இன்னும் என்னவோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், திரும்பப் போனால் ஒன்றும் வராது என்று அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அம்மா அந்தத் தாளைக் கையால்கூடத் தொடவில்லை. கிழவர் தலையை இழுத்துக்கொள்வதை நடிக்க, கிழவரைப் பார்த்திருக்க வேண்டும். இதை அவள் எங்கே பார்த்தாள்?

அம்மா கடைச் சீருடையை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. ‘நின்னு நின்னே இளைச்சுட்டேன், பார்த்தியா’ என்று கண்ணாடி முன்னால் அரை வட்டம் சுற்றிக் காட்டியது. போன மாதம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டு, ‘மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல’ என்றது. ரத்தம், காலியாகாத வயிறு, இளைப்பு, சோகை. எழுத்துத் தேர்வில் இந்த ஒரு வரி வந்திருந்தால், கேள்வியை முடிப்பதற்குள் ‘குடல் புற்று’ என்கிற கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாண்டியிருப்பாள்.

அம்மா வருது என்றாள். வராதும்மா என்று அவள்தான் திருத்தினாள். குட் என்று வேறு சொன்னாள்.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. உதடு நடுங்கியது. தேய்த்த ஜெல் உள்ளங்கையில் ஐஸாகக் குளிர்ந்தது.

“அப்படியே நில்லும்மா! அசையாதே!” குழாய் சார் துள்ளி எழுந்தார். “பாருங்க, எல்லாரும் இந்த முகத்தைப் பாருங்க! நான் வருஷக்கணக்கா கரடியாக் கத்தறது இதைத்தான். வார்த்தையே வேண்டாம். கண்ணுல தளும்பணும், கீழே விழக் கூடாது. விழுந்தா மார்க் போச்சு. எங்க புடிச்சே இதை?”

யாரோ கை தட்டினார்கள். பிஸ்கட் பையன் தன் உதட்டை நடுக்கிப் பார்த்துக்கொண்டான்.

“இன்னொரு தடவை பண்ணும்மா. வீடியோ எடுத்துக்கறேன். இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு, இப்படித் திரும்பு.”

முகத்துக்கு நேரே கைபேசி நீண்டது. அதன் கறுப்புக் கண்ணில் தன் முகம் சின்னதாகத் தெரிந்தது. ஒரு முழு நொடி, உண்மையாகவே ஒரு முழு நொடி, இந்த முகம் எப்படி இருக்கிறது என்று அவளும் உற்றுப் பார்த்தாள். நாளைக்கு இது வருமா என்று ஒரு எண்ணம் கரப்பான்பூச்சி போல் மனசுக்குள் குறுக்கே ஓடியது.

அதன் பிறகுதான் தன்மேலேயே அருவருப்பு பொங்கிக்கொண்டு வந்தது. குழாய் சார்மேல் வந்த அருவருப்பு அதில் பாதிகூட இல்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். “மேடம், நாளைக்கும் அப்படியே பண்ணுங்க, லைசென்ஸ் உங்க கையில!” என்று மேலேயிருந்து குரல் துரத்தியது. செருப்புக் கடையின் பக்கவாட்டுச் சந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையைச் சுவரில் தேய் தேய் என்று தேய்த்தாள். அந்த நெடி போகவில்லை.

*

கண்ணாடிக் கடையில் அம்மா ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, காதோரம் சரிசெய்துகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் கை நின்றது. பெரியவரை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு வந்தாள்.

“எத்தனை நாளாம்மா?”

அம்மா எதை என்று கேட்கவில்லை. “கொஞ்ச நாளா.”

“கொஞ்ச நாளான்னா?”

“குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.”

“ஏம்மா சொல்லல?”

“உன் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்.”

“அப்ப காலையில மட்டும் ஏன் சொன்னே?”

அம்மா ஒரு காலிப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். “நீ கேட்டே.”

இளையவள் அவளையே பார்த்தாள்.

“வேற யாரு கேட்டீங்க, சொல்லு. நீ டாக்டர் மாதிரி உட்கார்ந்து, தன்மையா, வருதான்னு கேட்டியா... வாய் தானாச் சொல்லிடுச்சு. நானே எதிர்பார்க்கல. இல்லைன்னு நீ சொன்னதும், சரி, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்.” அம்மா லேசாகச் சிரித்தாள். “வயித்துல ஒண்ணுமே இல்லைன்னு வேற சொன்னியா, காலையிலேருந்து தெம்பாத்தான் இருந்தேன், போ.”

இளையவளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “பையை எடுத்துக்கோ. அண்ணாவோட ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“நாளைக்கு உனக்கு...”

“பையை எடும்மா!”

*

அவசரப் பிரிவில் அண்ணன் ஒருவர் நெற்றியில் தையல் போட்டு முடித்துவிட்டு வந்தான். தங்கை தாழ்வாரத்தில் வைத்து நாலு வார்த்தையில் சொன்னாள். காலையில் சிரித்த முகம் அவனுக்கு ஒரு கணம் வெளுத்தது. பிறகு ஏதோ ஒரு விசையை அழுத்தியது போல் நேராக நிமிர்ந்து, சுவரில் இருந்த ஜெல்லைக் கையில் தேய்த்துக்கொண்டு, அம்மா படுத்திருந்த கட்டிலருகே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

எங்கே வலி. எப்போதிருந்து. குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கிறதா.

“என் குடும்பம் உனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா.

அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. வரிசையாக, ஒன்று விடாமல் கேட்டு முடித்தான். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தான். குரல் ஒரு படி இறங்கியது.

“இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு என்னால புரிஞ்சுக்க முடியுது.”

உங்களுக்கு. பெற்ற அம்மாவை, பிறந்ததிலிருந்து நீ என்று கூப்பிட்டவளை.

அம்மா கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து, சீருடையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இருக்கிற மரியாதையோடு, “சரிங்க” என்றாள்.

இளையவளுக்குக் காது மடல் சுட்டது. அண்ணனைத் திரைக்கு வெளியே இழுத்து வந்தாள். “அண்ணா, அது நம்ம அம்மா!”

“தெரியும்.”

“தெரிஞ்சா அந்தக் கண்றாவியை அவகிட்டப் போய்ச் சொல்லுவியா? தலையை வேற சாய்க்கிறே! உனக்கே அசிங்கமா இல்ல?”

அவன் கையில் இருந்த பேனாவைத் திறந்து மூடினான். “வேற என்னடி சொல்றது? வாயைத் திறந்தா அதுதான் வருது. முன்னாடியெல்லாம் எப்படிப் பேசுவேன்னு எனக்கு ஞாபகமே வரல.” பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். “நீ எப்படியாவது பாஸ் பண்ணிடு. அதுக்கப்புறம் என்னைத் திட்டிக்கோ.”

குடல் சிகிச்சை நிபுணரான பெண் டாக்டர் வந்தார். திரை சாத்தப்பட்டது. கையுறை மாட்டும் சத்தம். “இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க, முழங்காலை மடக்குங்க, லூசா விடுங்க.” அம்மாவின் மூச்சு ஒரு தடவை நின்று, பிறகு வந்தது. தேர்வில் இந்தச் சோதனையை ரப்பர் பொம்மையில் செய்துகாட்ட வேண்டும். பொம்மைக்கு மூச்சு கிடையாது.

நிபுணர் வெளியே வந்து கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார். ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம், “கட்டி கையிலயே தட்டுப்படுது. நாளைக் காலையில முதல் ஆளா கேமரா போட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம். தள்ளிப் போட வேண்டாம். மயக்க மருந்து குடுப்போம், வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்கணும்,” என்றார்.

“நான் லீவு சொல்லிட்டு இருந்துக்கறேன் மேடம்,” என்றான் அண்ணன். தங்கை பக்கம் திரும்பி, “நீ நாளைக்கு எதையும் நினைக்காம நேராப் பரீட்சைக்குப் போ. பக்கத்துல நான் இருக்கேன்ல?” என்று சொல்லிவிட்டு, குடலைச் சுத்தம் செய்ய இன்று சாயங்காலமே குடிக்க வேண்டிய மருந்தை வாங்க ஓடினான். ஓடும்போது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

இளையவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சீருடைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள். மகள் குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா பொத்தான் போட்டுவிட, மகள் கழுத்தைத் தூக்கிக்கொள்வாள்; அதே மாதிரி இப்போது அம்மா கழுத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பொத்தானில் கை இருக்கும்போது, அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“அண்ணன் சொன்னது கேட்டுது.”

“ம்.”

“அவன் நல்ல பிள்ளை. குறையே சொல்ல மாட்டேன். ஆனா கண்ணு முழிக்கும்போது பக்கத்துல அவன் அந்த மாதிரி பேசிட்டு உட்கார்ந்திருந்தா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கும் பாப்பா.”

“அம்மா...”

“இரு. நாளைக்கு உனக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியும். அது கடைசித் தடவைங்கிறதும் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்.” பிடி இறுகியது. “நாளைக்கு என்கூட நீ இருக்கியா?”